பொறுத்துக்கொள் என்பது மருந்து அல்ல

2022 நவம்பரில், பீகார் மாநிலம் ககரியா மாவட்டத்தின் அலௌலி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மரத்துப்போகச் செய்யும் மருந்து தங்களுக்குத் தரப்படவில்லை என்றும், கத்தி பட்டபோது முழு நினைவோடு இருந்ததாகவும், கதறியபோது கைகளையும் கால்களையும் ஆட்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டதாகவும் அப்பெண்கள் கூறினர். அறுவைகளை நடத்தியது அரசிடம் தலைக்கு இவ்வளவு என்று தொகை பெறும் ஒரு தன்னார்வ நிறுவனம். செய்தித்தாள்கள் இரண்டு மூன்று நாட்கள் எழுதின. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. பிறகு வழக்கம்போல வேறு செய்தி வந்தது.

சாலை விபத்தில் குடல் சரிந்து வருபவருக்கு மருந்து கிடைப்பதற்குள் வலித்தது என்றால் அவசரம், ஆள் இல்லை, நேரம் இல்லை என்று காரணம் சொல்லலாம். அலௌலியில் நடந்தது அப்படிப்பட்டதன்று. அது திட்டமிட்ட அறுவை. நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரியும். எந்த மருந்து எவ்வளவு தேவை என்பது அரசின் வழிகாட்டு நூலிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஒன்று மட்டும் யாருடைய திட்டத்திலும் இடம்பெறவில்லை: அந்தப் பெண்களுக்கு வலிக்கும் என்பது.

இந்த மறதிக்கு நீண்ட வரலாறு உண்டு. 2012 ஜனவரி 7 அன்று, அதே பீகாரின் அரரியா மாவட்டத்தில், ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் இரவு எட்டு மணி முதல் பத்து மணிக்குள் 53 பெண்களுக்கு ஒரே மருத்துவர் டார்ச் விளக்கின் ஒளியில் கருத்தடை அறுவை செய்தார். பள்ளி மேசைகள்தான் அறுவை மேசைகள். 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், சக்ரியில் நடந்த முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்கள் அறுக்கப்பட்டனர். ஒரு குழு ஒரு நாளில் முப்பதுக்கு மேல் செய்யலாகாது என்பது அரசே வகுத்த விதி. அம்முகாமையும் அடுத்து நடந்த முகாம்களையும் சேர்த்து 13 பெண்கள் மாண்டனர். அரரியா நிகழ்வை முன்வைத்துத் தொடரப்பட்ட தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பளித்தது. கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்றது. அந்தக் கெடு 2019 செப்டம்பரில் முடிந்தது. அலௌலி அதற்கு மூன்று ஆண்டுகள் பிந்தியது.

மாண்டவர்களைப் பற்றி நீதிமன்றம் பேசியது, பேச வேண்டியதுதான். பிழைத்தவர்களின் வலியைப் பற்றி யார் பேசினார்கள்? ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காடு. ஆணுக்குச் செய்யப்படும் அறுவை எளிது, வலி குறைவு, ஆபத்தும் குறைவு. இருந்தும் கத்தியின் கீழ்ப் படுப்பவள் அவளே. குடும்பத்தின் வலியும் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கும் ஒரே உடலின்மேல் ஏற்றப்படுகின்றன. அவளைக் கிராமத்திலிருந்து அழைத்துவந்து, இரவு முழுவதும் அருகில் உட்கார்ந்திருந்து, மறுநாள் வீட்டில் கொண்டுபோய் விடுகிற ஆஷா ஊழியரோ அரசின் கண்ணில் தொழிலாளியே அல்லர், ‘தொண்டர்’.

முகாம்களை விட்டுவிட்டு ஒரு சாதாரண மாவட்ட மருத்துவமனையின் அறுவைக்குப் பிந்தைய வார்டுக்குள் நுழைந்தாலும் நிலைமை பெரிதும் வேறாக இல்லை. சிசேரியன் முடிந்த பெண்ணுக்கு முதுகில் போட்ட ஊசியின் வேகம் இரண்டு மூன்று மணி நேரத்தில் தணிகிறது. கால்களுக்கு உணர்வு திரும்பும்போது வயிற்றுக்கும் திரும்புகிறது. கேஸ் ஷீட்டில் வலி நிவாரணிக்கு எதிரே ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதப்பட்டிருக்கும். தேவைப்பட்டால் கொடுக்கவும் என்பது அதன் பொருள். தேவைப்பட்டதா என்பதை யார் தீர்மானிப்பது? நோயாளி கேட்க வேண்டும். கேட்பதற்குச் செவிலியர் அருகில் இருக்க வேண்டும். நாற்பது, ஐம்பது படுக்கைகளுக்கு இரவில் ஒரே செவிலியர், அவரும் ஒப்பந்தப் பணியாளர் என்ற நிலையில், கேட்பதற்குத் துணிவு வேண்டும். முதல்முறை கேட்டவளுக்கு ‘பிள்ளை பெற்றால் வலிக்காமல் இருக்குமா’ என்ற விடை. இரண்டாம் முறை அவள் கேட்பதில்லை. மறுநாள் காலை வரும் மருத்துவர் கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறார். ஊசி போட்டதற்கான குறிப்பு ஒன்றும் இல்லை. ஆகவே வலி இருக்கவில்லை என்றாகிறது. எஸ்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்து செய்யும் வேலை இது: கொடுக்கப்படாத மருந்தை இல்லாத வலியாகக் கணக்கு முடிக்கிறது.

மருத்துவ அறிவியல் இதில் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. அறுவைக்குப் பின் வலி எழுந்தபிறகு மருந்தைத் தேடுவதன்று முறை. வலி எழுவதற்கு முன்பே, மணி பார்த்து, வேளை தவறாமல் கொடுப்பதே முறை. வலியோடு கிடப்பவர் ஆழ்ந்து மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை. நுரையீரலில் சளி தேங்கித் தொற்று உண்டாகிறது. எழுந்து நடப்பதில்லை, கால் நரம்புகளில் இரத்தம் உறைகிறது. தணிக்கப்படாத கடும் வலி சிலருக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோயாகவே மாறிவிடுகிறது. இதற்கான மருந்துகள் பெரும்பாலும் மலிவானவை. பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் வேளை தவறாமல் கொடுத்து, தையல் போடுமுன் காயத்தின் விளிம்புகளில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினாலே பெரும்பாலான அறுவைகளின் முதல் நாள் வலி பெருமளவு அடங்கும். பெரிய அறுவைகளுக்கு மட்டும் சில நாட்கள் மார்ஃபின் வேண்டும். இவற்றில் எதற்கும் வெளிநாட்டு இயந்திரம் தேவையில்லை. தேவைப்படுவது ஆள். சமுதாய சுகாதார நிலையங்களில் இருக்க வேண்டிய சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் இல்லை என்பது ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரமே ஒப்புக்கொண்ட உண்மை. மயக்க மருத்துவர் இல்லாத குறையைப் போக்க எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. அது தாயின் உயிரைக் காக்கும் ஏற்பாடு, தேவையானதே. ஆனால் உயிர் பிழைத்தவள் அன்றிரவு என்ன ஆனாள் என்று பார்க்க அந்த ஏற்பாட்டில் ஆள் இல்லை.

இந்தியாவில் வலி மருந்துக்குப் பஞ்சம் என்பதைக் கேட்டால் ஓர் அந்நியர் சிரிக்கக்கூடும். மார்ஃபினின் மூலப்பொருளான அபினை விதிமுறைப்படி பயிரிட்டு, பாலாகவே வடித்து ஏற்றுமதி செய்யும் ஒரே நாடு இந்தியா. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடியின் காயைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். நிர்ணயித்த விளைச்சல் குறைந்தால் அவர்களின் உரிமம் பறிபோகும். அந்தப் பால் நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளுக்குப் போகிறது. காஜிப்பூர் ஆலை 1820இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவியது. வங்காளத்து விவசாயியை அபின் பயிரிடக் கட்டாயப்படுத்தி, அதைச் சீனத்து மக்களின்மேல் பீரங்கியால் திணித்த அந்த வணிகத்தைப் பற்றி மார்க்ஸ் 1858இல் நியூயார்க் ட்ரிப்யூனில் எழுதினார். அவர் 1844இல் மதத்தை அபினோடு ஒப்பிட்டபோது, ஐரோப்பாவின் ஏழைக்கு அபின் என்பது போதைப் பொருளாவதற்கு முன் வலி மருந்தாக இருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். அந்த ஒப்புமையை ஏளனமாக மட்டுமே படிப்பவர்கள் அதிலுள்ள பரிவைத் தவறவிடுகிறார்கள்.

கம்பெனி போனது, ஆலை இருக்கிறது, வலி மருந்து மட்டும் நோயாளியை வந்தடையவில்லை. காரணம் 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். கடத்தல்காரனைப் பிடிக்க என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம், பத்தாண்டுச் சிறை என்ற அச்சத்தை மருந்தாளுநரின் தலைமேல் தொங்கவிட்டது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்க வேண்டுமானால் பல மாநிலங்களில் நான்கைந்து உரிமங்கள், வெவ்வேறு துறைகளிலிருந்து, ஒரே நேரத்தில் நடப்பில் இருக்க வேண்டும். ஒன்று காலாவதியானால் மற்றவை வீண். விளைவு என்ன? 1985இல் ஏறத்தாழ 600 கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997இல் 18 கிலோவுக்கு இறங்கியது. 97 விழுக்காடு வீழ்ச்சி. கடத்தல்காரன் அழியவில்லை, அழிந்தது மருத்துவமனை அலமாரியிலிருந்த மருந்து. ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் மார்ஃபினைக் கையாளக் கற்காமலேயே பட்டம் பெற்றனர். பன்னாட்டு அளவில் இத்தகைய சட்டங்களுக்கெல்லாம் மூலமான 1961ஆம் ஆண்டின் ஒற்றை ஒப்பந்தமோ, வலி தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்பதைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவை என அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்றானது. வலி தணிப்பு மருத்துவர்களும் நோயாளிகளும் இருபதாண்டுகள் போராடிப் பெற்ற வெற்றி அது. ஆனால் சட்டத்தைத் திருத்தியவர்கள் வார்டைத் திருத்தவில்லை. 2017இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட கணக்கின்படி, கடும் துன்பத்திலுள்ள நோயாளி ஒருவருக்கு இந்தியாவில் கிடைப்பது ஆண்டுக்கு 43 மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஈடான மருந்து. தேவையில் 4 விழுக்காடு. அமெரிக்காவில் 55,000 மில்லிகிராமுக்கும் மேல்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களில் சிலர் உடனே அமெரிக்காவைக் காட்டி எச்சரிக்கிறார்கள். பாருங்கள், அங்கே மருந்து வெள்ளமாய் ஓடியது, மக்கள் அடிமையானார்கள், நமக்கு அது வேண்டாம். அடிமையானார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வெள்ளத்தைத் திறந்துவிட்டது யார்? 1996இல் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ நிறுவனம் அதன் அடிமைப்படுத்தும் தன்மையை மறைத்து விற்றது. 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கும் மேல் செலுத்தியது. செலுத்திவிட்டு மீண்டும் விற்றது. 2020இல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சிறிய அறுவைக்குப் போனவர்கள்கூட வாரக்கணக்கான மாத்திரைகளோடு வீடு திரும்பினார்கள். அங்கே நோயாளிக்கு வலித்ததால் மருந்து கொடுக்கப்படவில்லை; விற்க வேண்டியிருந்ததால் கொடுக்கப்பட்டது. இங்கே வலித்தும் கொடுக்கப்படவில்லை. ஏனெனில் சில ரூபாய் விலையுள்ள மார்ஃபின் மாத்திரையை விற்பதில் எந்த நிறுவனத்துக்கும் ஆதாயம் இல்லை. அதனால் அதை எடுத்துச் சொல்ல எந்த மருந்துப் பிரதிநிதியும் மருத்துவரின் வாசலில் நிற்பதில்லை. நீமச்சில் வடிக்கப்படுவதன் பெரும்பகுதி கோடீனாக மாறி இருமல் மருந்துப் புட்டிகளுக்குப் போகிறது. இருமல் மருந்துக்குச் சந்தை உண்டு. ஒரு நாட்டில் வெள்ளம், மறு நாட்டில் வறட்சி. இரண்டுக்கும் அணையின் திறவுகோல் ஒரே கையில் இருக்கிறது.

அடிமையாகிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு இந்திய மண்ணிலேயே விடை உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலானோர் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், வாய்வழி மார்ஃபினை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. அவ்வாறு பெற்ற 1,723 நோயாளிகளை இரண்டாண்டுக் காலம் ஆராய்ந்து 2001இல் லான்செட்டில் வெளியான ஆய்வு, மருந்து தவறான கைக்குப் போனதாக ஒரு நிகழ்வையும் காணவில்லை. 2008இல் கேரளத்தின் இடதுசாரி அரசு நாட்டிலேயே முதன்முதலாக வலி மற்றும் ஆதரவு சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்து, உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் ஒப்படைத்தது. கூடவே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த இயக்கம் புற்றுநோயாளியையும் படுத்த படுக்கையானவரையும் நோக்கி எழுந்தது. திட்டமிட்ட அறுவைக்கு வந்து ஐந்தாம் நாள் வீடு திரும்புகிறவரின் வலி அங்கேயும் இன்னும் போதிய கவனம் பெறவில்லை. சாகப்போகிறவருக்கு வலிக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்ட சமூகம், பிழைக்கப்போகிறவர் எப்படியும் தாங்கிக்கொள்வார் என்று கருதுகிறது.

தாங்கிக்கொள்பவர் யார் என்பதைக் கேட்டால் வர்க்கம் வெளியே வரும். பெருநகரத்துத் தனியார் மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை செய்துகொள்பவருக்குத் தண்டுவடத்தருகே நுண்குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக மருந்து இறக்கப்படுகிறது, விரலருகே பொத்தான், வலித்தால் அழுத்திக்கொள்ளலாம். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று மணிக்கொரு தரம் கேட்கிறார்கள். கட்டணச் சீட்டில் அதற்குத் தனி வரி. ஏழைக்கோ 2018 செப்டம்பரில் கொண்டாட்டத்தோடு தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் அட்டை இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்று பதாகைகள் சொல்கின்றன. உண்மையில் அத்திட்டம் ஒவ்வோர் அறுவைக்கும் ஒரு மொத்த விலை வைக்கிறது. கட்டில், கத்தி, மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். மொத்த விலைக்குள் வேலை எடுத்த ஒப்பந்ததாரர் எதில் மிச்சம் பிடிப்பார்? சிமெண்டில். தனியார் மருத்துவமனை எதில் மிச்சம் பிடிக்கும்? அளக்கப்படாததில். தையல் பிரிந்தால் தெரியும். நோயாளி இறந்தால் தெரியும். இரவெல்லாம் முனகினால் எந்தப் படிவத்திலும் பதியாது. வீடு திரும்பியபின் பதினைந்து நாள் மருந்தும் அந்த விலைக்குள் அடக்கம் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம் என்று ஜார்க்கண்டின் ஒரு சுரங்கத் தொழிலாளியிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்?

வீடு திரும்பியபின் என்ன நேர்கிறது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சான்று. அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பலர் இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்டிருப்பது 2019இல் நாடு முழுதும் தெரியவந்தது. மாநில அரசு அமைத்த குழு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கணக்கெடுத்தபோது 13,000க்கும் மேற்பட்டோர் அந்த அறுவையைச் செய்துகொண்டிருந்தனர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘கோய்தா’, அதாவது ஓர் அரிவாள். வேலைக்கு வராத நாளுக்கு ‘முகாதம்’ எனப்படும் ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிக்கிறார். முன்பணம் கழியும்வரை ஓய்வு என்ற பேச்சே இல்லை. பெரும் வயிற்று அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் பளு தூக்கக் கூடாது என்று வெளியேற்றச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சீட்டைச் சேலை முடிச்சில் வைத்துக்கொண்டு அவள் கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றி லாரியில் அடுக்குகிறாள். வலி தணிப்பின் பாதி மருந்து, மறுபாதி ஓய்வு. மருந்தை மருத்துவமனை மறுக்கிறது, ஓய்வை முதலாளி மறுக்கிறான். ஊதியத்துடன் கூடிய நோய்க்கால விடுப்பு என்பது தொழிற்சங்கத்தின் கோரிக்கை மட்டுமன்று. அது மருத்துவக் கோரிக்கை.

கிராமத்துப் பெண்களுக்கு வலி தாங்கும் சக்தி அதிகம், நகரத்தார்தான் ஆர்ப்பாட்டம் செய்வார்கள் என்று படித்தவர்களே சொல்லக் கேட்கலாம். தமிழில் வலி என்ற சொல்லுக்கு நோவு என்றும் வலிமை என்றும் இரு பொருள் உண்டு. மொழியின் அந்த அழகை ஆட்சி செய்பவர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள்: நோவை இறக்கிவைக்காமல், அதைச் சுமப்பவளின் வலிமையைப் புகழ்கிறார்கள். கத்தி பட்டால் நரம்பு செய்தி அனுப்புகிறது. அது சாதி கேட்பதில்லை, வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை.

2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவோம் என்றது. அரசின் சொந்தக் கணக்குப்படி 2021-22இல், அதுவும் பெருந்தொற்றுக் காலத்தில், அது 1.84 விழுக்காடு. மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தனர். இந்தப் பற்றாக்குறையில்தான் மயக்க மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது, இரவுச் செவிலியர் ஒருவராகச் சுருங்குகிறார், மருந்துக்கு எதிரே எஸ்.ஓ.எஸ். எழுதப்படுகிறது.

ஆகவே கோரிக்கைகள் நிதி ஒதுக்கீட்டில் தொடங்க வேண்டும். அதோடு நிற்கக் கூடாது. காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் போல வலியின் அளவும் ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் கேஸ் ஷீட்டில் பதியப்பட வேண்டும். அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு நாட்களுக்கு வலி நிவாரணி கேட்டால் மட்டும் தரப்படுவதாக இல்லாமல், மணி குறித்துத் தரப்படுவதாக இருக்க வேண்டும். அதைக் கொடுக்கும் அதிகாரமும் பயிற்சியும் நிரந்தரப் பணி பெற்ற செவிலியருக்கு வேண்டும். அறுவை நடக்கும் ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும் 2014 திருத்தத்தின்படி மார்ஃபினுக்கான அனுமதியைப் பெற வேண்டும். பெறாததற்கான காரணத்தை மாவட்ட ஆட்சியர் எழுத்தில் தர வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தின் பதினைந்து நாள் மருந்து, நோயாளி வாசலைத் தாண்டுமுன் கையில் இருக்க வேண்டும். கருத்தடை அறுவைக்காக நிறுவனங்களுக்கு விடுவிக்கப்படும் ஒவ்வொரு தொகைக்கும், எந்த மருந்து எத்தனை மணிக்கு யாரால் செலுத்தப்பட்டது என்ற பதிவேடும், வலி தணிக்கப்பட்டதா என்பதற்கு அந்தப் பெண்ணின் சொந்த வாக்குமூலமும் முன்நிபந்தனையாக்கப்பட வேண்டும். அவை இல்லாத இடத்துக்குப் பணம் போகக் கூடாது.